விசிலுக்குக் கட்டுப்பட்ட லிஃப்ட்

தலைமை ஏற்று, ஏற்பதற்கு முன் இந்த மேடை சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, பார்த்தும் திருப்தி வராமல் நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து, அதன் பிறகே அமர்ந்திருக்கும் விழாத் தலைவர் அவர்களே! வீட்டில் "ஏங்க" என்று கூப்பிடுகிற மனிதரை மேடையில் "அவர்களே" என்று கூப்பிட எனக்கு வாய் கூசுகிறது. ஆனால் கணவராகவே இருந்தாலும் தலைவர் தலைவர்தான். பொறுத்துக்கொள்கிறேன், வழக்கம்போல.

யாரும் சொல்வதற்கு முன்பே மைக்கைத் தட்டிப் பார்த்து, தட்டிய தட்டில் தாங்கியை உடைத்து, அதனால் நான் பேசி முடிக்கும்வரை மைக்கைக் கையில் ஏந்தி என் வாய்க்கு நேரே பிடித்து நிற்க வேண்டிய தண்டனையைத் தானே தேடிக்கொண்ட என் அருமைத் தம்பியே! கொஞ்சம் இறக்கிப் பிடி. அது மூக்கு.

வழக்குப் போடுவேன் என்று வந்து, வழிக்கு வந்து, இன்று முன்வரிசையில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் வக்கீல் ஐயா அவர்களே! கேக்கால் எங்களைக் கெடுத்த பேக்கரி மாப்பிள்ளையே! அவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் அவசரப்படும்போதெல்லாம் கையைக் கிள்ளிக்கொண்டிருக்கும் நர்ஸ் மகளே! பெரியவர்களே! பெரியவர்கள் என்றதும் யாரைச் சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கும் பெரியவர்களே! தாய்மார்களே! என் பேச்சைவிட என் கைப்பையை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே!

எல்லாருக்கும் மேலாக, ஆம், அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே எல்லாருக்கும் மேலாக, நாலாவது மாடியில், புது லிஃப்ட்டின் வாசலில், நாற்காலி போட்டு அமர்ந்து, கழுத்தில் விசிலோடு காத்திருக்கும் எங்கள் கண்டக்டர் அக்கா அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான, நிமிர்ந்த, நேரம் போதாத வணக்கம்!

தலைவர் எனக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்திருந்தார். எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே புன்னகை செய்ய வேண்டும், எங்கே கைதட்டல் வரும், எல்லாம் அதில் குறித்திருந்தார். என் தம்பியோ, "அக்கா, மேடையில ஏறு, தானா வரும்" என்றான். எழுதிக் கொடுத்ததை வீட்டில் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏறியும் விட்டேன். ஒன்றும் தானாக வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் பட்ட பாடுதான் இன்றைய பேச்சு.

அவையோரே! ஒன்று கேட்கிறேன். திட்டம் பெரிதா? தொடக்கம் பெரிதா? எண்ணி எண்ணிப் பார்ப்பவர் உயர்ந்தவரா? எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இறங்குபவர் உயர்ந்தவரா? என்ன? பின்வரிசையில் ஒருவர் "சாப்பாடு பெரிது" என்கிறார். ஐயா, சாயங்காலம் கல்யாணச் சாப்பாடு இருக்கிறது. அந்தக் கல்யாணமே நடக்குமா நடக்காதா என்று நாங்கள் நடுங்கிய கதையைத்தான் சொல்ல வருகிறேன். கொஞ்சம் பசியோடு கேளுங்கள், நன்றாகப் புரியும்.

என் கணவர் படம் வரைபவர், ஊர் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேல்'. கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. வீட்டில் எல்லாவற்றுக்கும் வரைபடம் போடுவது அவர் வியாதி. இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த புதிதில் சுவர்க் கடிகாரம் ஒன்று வாங்கினோம். ஆணியை எங்கே அடிப்பது? சோபாவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், சமையலறையிலிருந்தும் தெரிய வேண்டும், வெயில் படக் கூடாது, குழந்தைக்கு எட்டக் கூடாது. குழந்தை அப்போது பிறக்கவே இல்லை, தாய்மார்களே! அவர் வரைந்தார், அழித்தார், வரைந்தார், அழித்தார். கடிகாரம் சுவரோரம் தரையில் சாய்ந்தபடியே ஓடி ஓடி ஒருநாள் நின்றே போனது. ஆணி அடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவர் ஓடி வந்தபோது மாட்டுவதற்குக் கடிகாரம் இல்லை.

சரி, அவர் அப்படி. என் கூடப் பிறந்தவன்? கீழே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறானே, இவனை ஊரே 'பொறி' என்றுதான் கூப்பிடும். பட்டறை திறந்தபோது முதல் வேலையாக ஒரு கேட் செய்தான். அடேயப்பா, என்ன கேட்! பூ என்ன, கொடி என்ன, நடுவில் மயில் என்ன! செய்த கையோடு நட்டும் விட்டான். சுவர்? சுவரை யோசிக்கவே இல்லை. வெட்டவெளியில் கேட் மட்டும் நிற்கிறது. வாடிக்கையாளர்கள் பக்கவாட்டில் நடந்து உள்ளே வந்தார்கள். இவனோ, "கேட் வழியா வாங்க சார், அதுக்குத்தானே வெச்சிருக்கு" என்று திருப்பி அனுப்புவான். பூட்டும் போட்டான். சாவியைத் தொலைத்துவிட்டு இவனே ஒருநாள் அதன்மேல் ஏறிக் குதித்தான். மைக்கை ஆட்டாதே, உண்மையைத்தானே சொல்கிறேன்?

இந்த இருவருக்கும் நடுவில் முதல் மாடியில் வாழ்கிறவள் நான். ஒருவர் தொடங்குவதே இல்லை. ஒருவன் தொடங்கிய பிறகுதான் என்ன தொடங்கினோம் என்று பார்ப்பான். இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில்தான், பெரியோர்களே, லிஃப்ட் வேண்டும் என்று ஒரு தேவை வந்து சேர்ந்தது.

யாருக்காக? மேலே இருக்கிறாரே, அவருக்காக. வாழ்நாளெல்லாம் பேருந்தில் நின்றவர் எங்கள் அக்கா. ஊரை உட்கார வைத்துவிட்டுத் தான் நின்றவர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும். இரண்டு விசில் அடித்தால் வண்டி போகும். அந்த விசிலுக்கு ஓட்டுநர் கட்டுப்பட்டார், ஊர் கட்டுப்பட்டது, முட்டி மட்டும் கட்டுப்படவில்லை. நின்ற கால்கள் தேய்ந்தன. சமதரையில் மெல்ல நடப்பார். படி என்றால் ஒன்றுகூட முடியாது. நின்று நின்று சம்பாதித்த வீடோ நாலாவது மாடியில். கீழ்வீடு ஒன்றுக்கு மாறிவிடச் சொன்னோம். "என் காலைக் குடுத்து வாங்கின வீடு. காலும் போய் வீடும் போகணுமா?" என்று கேட்டார்.

ஒருநாள் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும் என்றாயிற்று. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கினார்கள். நாற்காலிக்கு நாலு கால், காலுக்கு ஓர் ஆள். பின்னால் என் கணவரும் என் தம்பியும். முன்னால் வக்கீல் ஐயாவும், மூன்றாம் மாடிக்கு ரொட்டி கொடுக்க வந்து இந்தக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட பேக்கரிக்காரரும். படித் திருப்பத்தில் தொடங்கியது தமாஷ். "இப்படித் திருப்பு" என்கிறான் என் தம்பி. "முதலில் கோணத்தைப் பார்" என்கிறார் என் கணவர். அந்த நேரம் பார்த்து வக்கீல் ஐயாவின் போன் அடிக்கிறது. ஒரு கையை எடுத்தார். பாரம் சாய்ந்தது. என் கணவரின் கை வழுக்கியது. நாற்காலி ஒரு படி இறங்கி இடித்து நின்றது. அக்கா விழவில்லை. ஆனால் நான் பார்த்தேன், அவர் முகம் எப்படி இருந்தது என்று. சோபாவை எப்படி இறக்குவது என்று தலைக்கு மேல் நாலு பேர் வாதாடும்போது, அந்த சோபாவாக ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்?

அதே நாற்காலியில் திரும்பி வந்ததும் சொன்னார்: "இனிமே என்னைத் தூக்குறதுன்னா ஒரே ஒரு தடவைதான் தூக்கணும். அப்ப நான் வாயே திறக்க மாட்டேன், நீங்க உங்க இஷ்டத்துக்குத் திருப்பிக்கலாம்."

சிரிக்கிறீர்கள். அன்று நாங்கள் சிரிக்கவில்லை.

அந்த ஒரு படி, தூக்கிய நாலு பேரையும் நாலு திசைக்கு இழுத்துக்கொண்டு போனது. கை வழுக்கியவர், இனி எதையும் திட்டம் இல்லாமல் தொடமாட்டேன் என்று முன்னைவிட மோசமாகிவிட்டார். என் தம்பிக்கோ, அக்காவை அந்த மாடியில் விட்டுவைக்கும் ஒவ்வொரு நாளும் நெருப்பில் நிற்பதுபோல ஆகிவிட்டது. என் கணவரும் வக்கீல் ஐயாவும் "உங்க போனால்தான்", "உங்க கையால்தான்" என்று படியிலேயே சண்டை போட்டு, பேச்சை விட்டார்கள். நாலாமவர்? அவர் மட்டும் பிழைத்துக்கொண்டார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டே, பக்கத்தில் இறங்கி வந்த அக்காவின் நர்ஸ் மகளைப் பார்த்தவர், மறுநாளிலிருந்து யாரும் கேட்காமலேயே நாலாவது மாடிக்கு ரொட்டி கொண்டுவர ஆரம்பித்தார்.

காதல் படியேறியது. கல்யாணம் கீழே இறங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். "அம்மா இறங்கி வராம எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றாள் மகள். மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்றோம். "ஊரே மேல ஏறி வந்து மூச்சு வாங்கிட்டு வாழ்த்துமா? என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் என் காலால நடந்து போகணும்" என்றார் அம்மா. ஆக, லிஃப்ட் வந்தால் கல்யாணம். லிஃப்ட் இல்லையென்றால் ரொட்டி மட்டும்.

குடியிருப்போர் கூடினோம். இயந்திரத்தையும் பெட்டியையும் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து மாட்டுவார்கள், அதை ஏந்தி நிற்கும் இரும்புக் கூண்டை மட்டும் நாம் எழுப்பித் தர வேண்டும் என்று முடிவாயிற்று. கூண்டுக்குத் திட்டம் போட என் கணவர். கூண்டை எழுப்ப என் தம்பி. ஆகா, மூளைக்கு ஒருவர், கைக்கு ஒருவர், இனி என்ன குறை என்று மகிழ்ந்தோம். என்ன குறை என்று பிறகு தெரிந்தது.

கூட்டம் நடந்தது. கூட்டத்தில் அடுத்த கூட்டம் முடிவானது. பொத்தான் வட்டமா சதுரமா? கதவு இடதுபக்கம் திறக்குமா வலதுபக்கமா? உள்ளே கண்ணாடி வைத்தால் பெண்கள் இறங்கமாட்டார்கள் என்று ஓர் ஆண் சொன்னார். அவர் தலை வாரிக்கொள்ள அதில்தான் நிற்பார் என்று அவர் மனைவி சொன்னார். இத்தனைக்கும் நடுவில், காரியம் சீக்கிரம் முடியட்டும் என்ற ஆசையில், நமது பேக்கரி மாப்பிள்ளை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கேக் கொண்டுவந்து வைத்தார். அங்கேதான் தவறினார் மனிதர்! கேக் நன்றாக இருந்தது, அவையோரே! அத்தனை நன்றாக இருக்கலாமா? கேக்குக்காகவே கூட்டம் கூடியது. முடிந்துபோன விஷயத்தை, "இன்னொரு தடவை பேசிடலாமே" என்று யாராவது எழுப்புவார்கள், வாய் ஓரத்தில் கிரீமோடு. தன் கல்யாணத்தைத் தன் கையாலேயே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது அந்த அப்பாவிக்கு வெகுநாள் விளங்கவில்லை. விளங்கிய அன்று வறட்டு பிஸ்கட் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு நாங்கள் சீக்கிரமே கலைந்துவிட்டோம்.

திட்டம் தீர்ந்ததா? இல்லை. "இன்னும் ஒரே ஒரு திருத்தம்" என்றார் என் கணவர். புது பென்சில் வாங்கக் கடைக்குப் போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததுதான் தாமதம், என் தம்பி கட்டிங் மெஷினோடு மாடி ஏறிவிட்டான்!

கட்டடத்தின் முன்பக்கம் மாடிக்கு மாடி பொது வராந்தா, கம்பித் தடுப்போடு. லிஃப்ட் வந்து நிற்கும் இடத்தில் அந்தத் தடுப்பை அறுத்து வழி விட வேண்டும். நாலாவது மாடியில் அறுத்தான். மூன்றாவது மாடியில் அறுத்தான். இரண்டாவது மாடிக்கு வந்தான். அங்கே கம்பி இல்லை, சுவர் இருக்கிறது. யோசித்தானா? வெயிலுக்காக யாரோ மறைப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று அவனே கேள்வி கேட்டு, அவனே பதில் சொல்லி, சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டான். முகம் அளவுக்கு ஓட்டை விழுந்தது. ஓட்டைக்குள் உண்மையாகவே ஒரு முகம் இருந்தது. முகம் முழுக்கச் சோப்பு நுரை.

"யாருய்யா அது?" என்றது முகம்.

"லிஃப்ட் சார்" என்றான் இவன்.

"நான் லிஃப்ட் கேக்கலையே!"

கைதட்டலை வக்கீல் ஐயாவுக்குக் கொடுங்கள், அவர் முகம்தான் அது. வராந்தாவின் அந்த மூலையை இழுத்து மூடி, ஐயா தமக்கென்று ஒரு குளியலறை கட்டிக்கொண்டிருந்தார். சட்டம் படித்தவர், எந்தச் சட்டப்படி என்று கேட்காதீர்கள், இன்று நல்ல நாள். என் கணவரின் வரைபடத்தில் அந்தக் குளியலறை உண்டா? இல்லை! குடிவந்த புதிதில் யாரும் கேட்காமலேயே கட்டடம் முழுவதையும் அளந்து படம் வரைந்தவர், அந்தப் பழைய படத்தின்மேல்தான் கூண்டை வரைந்திருந்தார். படியில் சண்டை வந்த பிறகு அந்த மாடியில் அவர் கால் வைக்கவில்லை. குளியலறை முளைத்ததோ அதற்குப் பிறகு. யோசித்து யோசித்து வரைந்தவரும் அந்தச் சுவரில்தான் முட்டியிருப்பார். யோசிக்காமல் குதித்தவனும் அந்தச் சுவரில்தான் முட்டினான். இரண்டு பேரும் செய்யாத ஒரே காரியம், போய் அந்தக் கதவைத் தட்டுவதுதான்.

வக்கீல் ஐயா துடைத்துக்கொண்டு வந்து, வேலையை நிறுத்து என்றார், மீறினால் வழக்கு என்றார். வேலை நின்றது. என் கணவர் என் தம்பியோடு பேசவில்லை. என் தம்பி என் கணவரோடு பேசவில்லை. "உன் தம்பிகிட்டச் சொல்லு", "உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு" என்று என்னைத் தபால்காரியாக்கினார்கள். வீட்டில் சமையலைத் தவிர மற்ற எல்லாம் கொதித்தது.

ஆனால் மேலே நடந்ததை நாங்கள் யோசிக்கவில்லை, தாய்மார்களே. அந்த வராந்தாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் நடப்பதுதான் அக்காவின் உலகம். தெருவைப் பார்ப்பார், கீழே போகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், வண்டி தவறாக நிறுத்தினால் விசில் அடிப்பார். கம்பியை நடுவில் அறுத்தாகிவிட்டது. அறுத்த இடத்தில் ஒரு கயிறு. அதைப் பிடித்து நடக்க முடியுமா? கதவுக்குள் முடங்கிவிட்டார். "முன்னாடி படிதான் எனக்கு இல்லாம இருந்துச்சு. இப்ப வராந்தாவும் இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் நான் மேலே போயிருந்தபோது, மகளுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சொன்னார்: "பாரும்மா, அந்த நாற்காலியே போதும். நாலு பேரை வரச் சொல்லு. கண்ணை மூடிக்கிறேன். புள்ளை கல்யாணம் நடக்கட்டும்."

அந்த அக்கா! ஓடுகிற பேருந்தில் ஒருவரையும் படியில் தொங்க விடாத அந்த அக்கா! எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுது முடிந்ததும் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தோடு படி இறங்கி, கணவரை ஒரு கையிலும் தம்பியை ஒரு கையிலும் பிடித்து, இரண்டாவது மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

வக்கீல் ஐயாவின் வாசலில் நிற்கிறோம். "முதல்ல என்ன பேசணும்னு ஒரு வரிசை போட்டுக்கலாம்" என்கிறார் இவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் இவன் அழைப்பு மணியை அழுத்திவிட்டான். கதவு திறந்தது. ஐயா சட்டப் புத்தகம்போல முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் குளியலறை தெரிகிறது. சுவர் ஓட்டையை மறைக்க அவர் தம் கறுப்புக் கோட்டை மாட்டி வைத்திருந்தார்! நீதி தன் கண்ணைக் கட்டிக்கொண்டது என்பார்கள். அங்கே அது குளியலறையைக் கட்டிக்கொண்டிருந்தது.

நான் வாதாடவில்லை. "ஐயா, அக்கா நாற்காலியிலேயே வர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான்.

கதவை அகலத் திறந்தார் அவர். பிறகு, "முன்னாடி காலை நான்தானே புடிச்சிருந்தேன்" என்றார். "அந்த போனை நான் எடுத்திருக்க வேண்டாம்."

"வழுக்கினது என் கைதான்" என்றார் என் கணவர். "அதுக்கப்புறம் எதுல கை வெச்சாலும் வழுக்குமோன்னு பயம். அதான் வரைஞ்சுக்கிட்டே இருந்தேன். பேப்பர்ல யாரும் விழ மாட்டாங்க."

எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்த மனிதர் இதை என்னிடம் சொன்னதில்லை. தலைவர் அவர்களே, குனியாதீர்கள், இதைச் சொல்வதற்காகத்தான் மேடை ஏறினேன். சோம்பல் என்று நினைத்தேன், உங்களுக்கு அது பயம். திமிர் என்று நினைத்தேன், தம்பி, உனக்கு அது பதற்றம். இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே ஒரு படி.

"உள்ள வாங்க" என்றார் வக்கீல் ஐயா. மூன்று ஆண்கள் ஒரு குளியலறைக்குள் நுழைந்தார்கள், நான் வாசலிலேயே நின்றுகொண்டேன், மரியாதைக்காக. கோட்டை எடுத்தார்கள். என் கணவர் முதல்முறையாகக் கூண்டின் இடத்தை உள்ளேயிருந்து பார்த்தார். காகிதம் இல்லை. கையில் கிடைத்தது சோப்பு. டைல்ஸ் சுவரில் சோப்பாலேயே வரைந்தார். டேப்பின் ஒரு முனையை என் தம்பி பிடித்தான், மறுமுனையை வழக்குப் போடுவதாகச் சொன்னவரே பிடித்தார். கூண்டு இரண்டு முழம் தள்ளி நின்றால் போதும். குளியலறையில் பாதி பொது வராந்தாவுக்குத் திரும்பினால் போதும். ஐயா ஒரு நிமிடம் தம் சுவரைப் பார்த்தார். "பாதிக் குளியல் குளிச்சுக்கிறேன்" என்றார்.

சொன்ன மறுகணம் என் தம்பி சுத்தியலை ஓங்கிவிட்டான்! "டேய், தண்ணிக் குழாய்டா!" என்று இவர் கத்துகிறார். அப்போது மேலேயிருந்து, அந்த ஓட்டை வழியாக, ஒரு விசில்.

ஒரே ஒரு விசில். எங்கள் சத்தம் கேட்டு அக்கா கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறார். ஓங்கிய கை அப்படியே நின்றது. நம் எல்லாருடைய உடம்பிலும் அந்த விசில் ஊறியிருக்கிறது, ஐயா, மூளைக்குப் போகாமலேயே வேலை செய்யும். இவர் குழாயைப் பார்த்தார், குறி போட்டார், இன்னொரு குறி போட்டார், மூன்றாவது குறிக்குச் சோப்பை எடுத்தார். மேலேயிருந்து இரண்டு விசில். இவர் கையிலிருந்த சோப்பு கீழே விழுந்தது. தம்பி இடித்தான்.

அன்றிலிருந்து இதுதான் எங்கள் வேலைமுறை. அறுத்த இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அக்கா அமர்ந்தார். மகள் இரும்பு நாற்காலி வாங்கிப் போட்டாள், பிளாஸ்டிக்கைக் கண்ணில் காட்டாதே என்று உத்தரவு. ஒரு விசில் என்றால் பொறி நிற்க வேண்டும், ஸ்கேல் அளக்கலாம். இரண்டு விசில் என்றால் ஸ்கேல் நகர வேண்டும், பொறி பறக்கலாம். இடையில் ஒருநாள் மூன்று விசில் வந்தது. எங்களுக்கு விளங்கவில்லை. என் தம்பி தலையைத் தூக்கி, "மூணு விசில்னா என்னக்கா?" என்றான். "ரெண்டு பேரும் படியில தொங்குறீங்கன்னு அர்த்தம். ஏறுனா ஏறு, எறங்குனா எறங்கு" என்றார். பார்த்தால், ஒரு போல்ட்டை மாட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை, இருவரும் சித்தாந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கூண்டு எழுந்தது. அக்காவின் கால் உயரத் தூக்க வராது என்பதால், லிஃப்ட்டின் தரையும் வராந்தாவின் தரையும் ஒரு நூல்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல் சேர வேண்டும் என்று இவர் அளந்துகொண்டே இருந்தார். அதை யார் யோசித்தார்கள், திட்டம் போடுகிறவனைத் தவிர? மழை வருவதற்குள் கடைசித் தூணை நிறுத்தியே தீருவேன் என்று அவன் தூறலில் நின்றான். அதை யார் செய்திருப்பார்கள், குதிக்கிறவனைத் தவிர? கம்பெனிக்காரர்கள் வந்து இயந்திரத்தை மாட்டினார்கள். அரசாங்க அதிகாரி வந்து மணல் மூட்டை ஏற்றிச் சோதித்துக் கையெழுத்துப் போட்டார். மணல் மூட்டைக்கு முன்னால் நான் ஏறுகிறேன் என்று அடம்பிடித்த ஒருவனை நாங்கள் பிடித்து வைத்திருந்தோம்.

ஆகவே அவையோரே! நில் என்று மட்டும் விசில் அடித்தால் வண்டி எந்த ஊருக்குப் போய்ச் சேரும்? போ என்று மட்டும் விசில் அடித்தால் வண்டியில் யார் ஏற முடியும்? நிற்பதற்காகவா பேருந்து? ஏற்றாமல் ஓடுவதற்காகவா பேருந்து? யாருக்காக நிற்கிறோம், யாரை ஏற்றிக்கொண்டு போகிறோம் என்பதை மறந்துவிட்டு, வரைந்தால் என்ன, வெல்டிங் வைத்தால் என்ன? திட்டம் போடுங்கள்! தாராளமாகப் போடுங்கள்! ஆனால் மேலே ஒருவர் காத்திருக்கிறார் என்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போடுங்கள். குதியுங்கள்! தைரியமாகக் குதியுங்கள்! ஆனால் குதிக்கிற இடத்தில் யாராவது குளித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கதவைத் தட்டிவிட்டுக் குதியுங்கள். நிற்கத் தெரிந்த வேகமும், நகரத் தெரிந்த நிதானமும், நம் வீட்டில், நம் வேலையில், நம் வாழ்க்கையில்...

கேட்டீர்களா?

ஒரு விசில். மேலேயிருந்து. எனக்குத்தான்.

சரிக்கா! நிறுத்திட்டேன் அக்கா! பார்த்தீர்களா, இத்தனை நேரம் இவர்களைக் கிண்டல் செய்துவிட்டு நானும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். கீழே வருவதற்காகக் காத்திருக்கிறவரை மேலேயே உட்காரவைத்துவிட்டு, அவர் எப்படிக் கீழே வரலாம் என்று இங்கே சொற்பொழிவு! தலைவரின் நிகழ்ச்சி நிரல்படி எனக்குப் பிறகு வாழ்த்துரை, அதன் பிறகு பொருளாளர் உரை, அதன் பிறகு ரிப்பன் வெட்டுதல், அதன் பிறகுதான் லிஃப்ட். தலைவர் அவர்களே, என்ன செய்யலாம்? அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்! கைதட்டுங்கள், இந்த மனிதர் ஒரு திட்டத்தைப் பாதியில் மடித்ததை இன்றுதான் பார்க்கிறேன்!

அதோ, இரண்டு விசில்!

தம்பி, எங்கேடா ஓடுகிறாய்? மைக்கோடு ஓடுகிறானே! பரவாயில்லை, இந்தத் தொண்டை மைக் இல்லாமல் மூன்று மாடிக்குக் கேட்கும். எல்லாரும் எழுந்து திரும்புங்கள். இறங்குகிறது, பாருங்கள். மூன்றாவது மாடி தாண்டுகிறது. இரண்டாவது மாடி... ஐயா, உங்கள் குளியலறை பத்திரம். எங்கள் மாடி. பேக்கரித் தம்பி, அழாதீர்கள், சாயங்காலம் போட்டோவில் கண் வீங்கித் தெரியும்.

திறக்கிறது. யாரும் கை கொடுக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்! மகளே, நீயும்தான்.

வலது கால். இடது கால். தரை காலில் தட்டவில்லை, ஏங்க, ஒரு நூல்கூடத் தட்டவில்லை! ஐயோ, ரிப்பனை வெட்டவே இல்லையே! இருக்கட்டும், இருக்கட்டும், நின்றுவிடாதீர்கள் அக்கா, அப்படியே வாங்க. ரிப்பனை அளந்தது இவர், கட்டியது அவன். முடிச்சு தானாக அவிழ்ந்துகொள்ளும். அவிழ்ந்துவிட்டது! இடுப்பில் ரிப்பனோடு, ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவர்போல வருகிறார் பாருங்கள், எங்கள் கண்டக்டர் அக்கா!

என்னக்கா? என்ன சொல்றீங்க? தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடு. கொடுத்துவிட்டான். என்ன சொன்னார், கேட்டீர்களா?

"வழி விடுங்க. எறங்குறவங்களுக்கு முதல்ல வழி விடுங்க."

விட்டுவிட்டோம் அக்கா. இத்தனை நாள் தாமதமாக விட்டதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களே, தாய்மார்களே, பசியோடு கேட்ட பின்வரிசை ஐயாவே, உட்காராமல் கேட்டவர்களே, உட்கார்ந்து தூங்கியவர்களே, எல்லாருக்கும் நன்றி. நாற்காலிகளை ஓரமாகத் தள்ளுங்கள், ஒரு தாய் தன் மகளின் கல்யாணத்துக்கு நடந்து போகிறார். வணக்கம்.